கதைக்காக ஒரு ஆன்லைன் கேம்: உல்தா மதிலுக்கு வெளியே

திண்டுக்கல்லில் என் வயதுக்காரர்களிடம் ஆன்லைன் கேம் என்று சொன்னால் முகம் சுருங்கும். ரம்மியில் பணத்தை விட்ட யாராவது ஒருவர் அவர்களுக்குத் தெரிந்தவராக இருப்பார். இளசுகளிடம் சொன்னால் பப்ஜி, ஃப்ரீ ஃபயர் என்று சுடுகிற பேச்சுதான். எங்கள் தெருவில் இன்ஜினியரிங் படிக்கிற தம்பி ஒருவன் டீக்கடையில் என்னைப் பிடித்துக்கொண்டான். "அண்ணே, சுட்டுச் சுட்டு அலுத்துப்போச்சு. கதை இருக்கணும். அதுக்காக ஒத்தையில உக்காந்து ஆடுறதாவும் இருக்கக் கூடாது. காசும் கேக்கக் கூடாது. அப்படி ஒண்ணு இருந்தா சொல்லுங்க." மூன்று நிபந்தனை போட்டவனுக்கு டீ ஆறுவதற்குள் பதில் சொல்லி முடிக்க முடியவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

என் பதில் ஃபைனல் ஃபேன்டசி 14. ஜப்பானின் ஸ்கொயர் எனிக்ஸ் நிறுவனம் நடத்துகிற ஆன்லைன் ஆர்பிஜி. பதினாலு என்ற எண்ணைப் பார்த்து மிரள வேண்டாம். முந்தைய பதிமூன்றையும் ஆடியிருக்க வேண்டிய கட்டாயமில்லை. ஒவ்வொன்றும் தனி உலகம், தனிக் கதை. இதில் உங்களுக்கென்று ஓர் ஆளை உருவாக்குகிறீர்கள். வாள், வில், மந்திரம், மருத்துவம் என்று ஒரு வேலையைப் பிடிக்கிறீர்கள். அதே உலகத்தில் ஆயிரக்கணக்கான பேர் அதே நேரத்தில் நடமாடிக்கொண்டிருப்பார்கள். ஆனால் கதை உங்களுடையது. அந்த முதன்மைக் கதையை வரிசையாக முடித்தால்தான் அடுத்த ஊர், அடுத்த நாடு எல்லாம் திறக்கும். கதையைத் தாண்டிக் குதித்து ஓடுகிறவர்களுக்கு இது சரிப்பட்டு வராது.

கேமுக்குள் இருக்கிற கதைக்கு முன்னால் கேமின் கதையைச் சொல்ல வேண்டும். அதுவே ஒரு படம் எடுக்கிற அளவுக்கு இருக்கிறது.

2010 செப்டம்பரில் இந்த கேம் முதலில் வந்தபோது படுதோல்வி. மெனுவைத் திறந்தால் காத்திருக்க வேண்டும், சண்டை சவசவ என்று இருந்தது, நிலப்பரப்பை வெட்டி ஒட்டியது கண்ணுக்குத் தெரிந்தது. ஒரு பூந்தொட்டியை வரைய ஒரு மனித உருவத்துக்கு ஆகிற அளவு நுணுக்கத்தைக் கொட்டியிருந்தார்களாம். பூந்தொட்டிகள் நிறைந்த இடத்தில் கம்ப்யூட்டர் மூச்சு வாங்காமல் என்ன செய்யும்? நிறுவனம் மன்னிப்புக் கேட்டது, மாதச் சந்தாவை நிறுத்தி வைத்தது. அந்த வருட டிசம்பரில் நவோகி யோஷிடா என்பவரைக் கொண்டுவந்து பொறுப்பைக் கொடுத்தார்கள். ஓடிக்கொண்டிருக்கிற பழைய கேமைத் தட்டிக்கொட்டிச் சரிசெய்துகொண்டே, அதன் பின்னால் புதிய கேமை அடியிலிருந்து கட்டுவது என்று அவர் முடிவெடுத்தார்.

பழைய உலகத்தை என்ன செய்வது? வேறு யாராக இருந்தாலும் சர்வரை அணைத்துவிட்டுப் போயிருப்பார்கள். இவர்கள் அதைக் கதைக்குள்ளேயே அழித்தார்கள். பழைய கேமின் வானத்தில் தாலமூட் என்று ஒரு சிவப்பு நிலா உண்டு. மாதங்கள் போகப்போக அது பெரிதாகிக்கொண்டே வந்தது. ஆடுகிறவர்கள் தலையைத் தூக்கிப் பார்த்துப் பயப்பட ஆரம்பித்தார்கள். 2012 நவம்பர் 11 அன்று நிலா விழுந்தது. உள்ளேயிருந்து பஹாமுத் என்கிற பறவைநாகம் வெளிவந்து உலகத்தைக் கொளுத்தியது. சர்வர் அணைந்தது. 2013 ஆகஸ்டில் 'எ ரெல்ம் ரீபார்ன்' என்று புதிய கேம் வந்தபோது, கதையில் அந்தப் பேரழிவு நடந்து ஐந்து வருடம் ஆகியிருந்தது. ஊர் மக்களுக்கு அன்று போராடிய வீரர்கள் இருந்தது நினைவிருக்கிறது. முகங்கள் மட்டும் நினைவுக்கு வரவில்லை. யோசித்தால் கண்கூசும் வெளிச்சம்தான் தெரிகிறது என்கிறார்கள். பழைய கேமை ஆடிய நிஜ மனிதர்களைத்தான் அவர்கள் சொல்கிறார்கள். தோல்வியைக் கதையாக்கி, வாங்கி ஏமாந்த வாடிக்கையாளர்களைக் கதையின் மறக்கப்பட்ட நாயகர்களாக்கிய இந்தச் சாமர்த்தியத்துக்கு எத்தனை முறை சபாஷ் சொன்னாலும் தகும்.

அதற்குப் பிறகு ஹெவன்ஸ்வார்ட் (2015), ஸ்டார்ம்ப்ளட் (2017), ஷேடோபிரிங்கர்ஸ் (2019), எண்ட்வாக்கர் (2021), டான்ட்ரெயில் (2024) என்று விரிவாக்கங்கள் வந்தன. ஆளில்லாமல் கிடந்த அதே கேம், 2021 டிசம்பரில் கூட்டம் தாங்காமல் கொஞ்ச காலம் விற்பனையையே நிறுத்தி வைத்தது. காசு கொடுக்கிறேன் என்கிறவனிடம் இப்போது வேண்டாம் என்று சொன்ன கடை உலகத்தில் குறைவுதான்.

சரி, கதைக்கு வருகிறேன். முதலிலேயே எச்சரித்துவிடுகிறேன்: ஆரம்பம் இழுவை. மூட்டையைக் கொண்டுபோய்க் கொடு, பூச்சியை அடி, அவரைப் பார்த்துச் சொல் என்று ஓடவிடுவார்கள். 2020இல் இந்தப் பகுதியைக் கொஞ்சம் வெட்டிச் சுருக்கினார்கள், ஆனாலும் நீளம்தான். நம் பக்கத்துத் திருவிழாவில் வள்ளி திருமணம் நாடகம் பார்த்தவர்களுக்குத் தெரியும். முதலில் பபூன் வருவார், பிறகு ஆட்டக்காரி வருவார், அரட்டையும் பாட்டுமாக நேரம் போகும். இதென்ன நாடகம் என்று எழுந்து வீட்டுக்குப் போனவருக்கு, விடிகாலையில் நாரதரும் வள்ளியும் போடுகிற தர்க்கம் கிடைக்காது. இந்த கேமும் விடிய விடிய உட்காருகிறவர்களுக்கானது. அந்த அரட்டை நேரத்தில்தான் ஊரில் யார் யார் என்று நமக்குப் பழகுகிறது. பின்னால் அடிவாங்கப் போகிறவர்கள் அவர்கள்தான்.

தொடக்கத்தில் எந்த வேலையைப் பிடிக்கிறோம் என்பதைப் பொறுத்து மூன்று நகரங்களில் ஒன்றில் இறங்குவோம். காட்டு நகரம் கிரிடானியா, துறைமுக நகரம் லிம்சா லொமின்சா, பாலைவன நகரம் உல்தா. நான் சிபாரிசு செய்வது உல்தா. வாள்வீரன், கைச்சண்டைக்காரன், தீமந்திரம் போடுகிறவன் என்று இந்த மூன்றில் ஒன்றை எடுத்தால் அங்கே இறங்கலாம்.

உல்தா பணக்கார நகரம். சுல்தானா ஒருத்தி இருக்கிறாள், பெயர் நானமோ. ஆனால் ஊரை ஆள்வது வியாபாரிகளின் கூட்டம். கோட்டை மதிலுக்கு வெளியே, வெயிலில், கூடாரமும் கந்தலுமாக ஒரு ஜனம் உட்கார்ந்திருக்கும். அல்லா மிகோ என்ற நாட்டுக்காரர்கள். 20 வருடத்துக்கு முன் கார்லியப் பேரரசு அவர்கள் நாட்டைப் பிடித்துக்கொண்டது. தப்பி வந்தவர்களை உல்தா உள்ளேயும் விடவில்லை, வெளியேயும் துரத்தவில்லை. முதல் முறை அந்தப் பக்கம் போகிறபோது உங்களுக்கு வேறு ஏதோ வேலை இருக்கும். கடந்து போய்விடுவீர்கள்.

நான் கடந்து போகவில்லை என்று பெருமை பேச வரவில்லை. திண்டுக்கல்காரனுக்கு அந்தக் காட்சி கொஞ்சம் அதிகமாகவே பழக்கமானது, அவ்வளவுதான். 1983க்குப் பிறகு கடல் தாண்டி வந்த ஈழத் தமிழர்களில் ஒரு பகுதி நம் மாவட்டத்து முகாம்களில்தான் இருக்கிறார்கள். திண்டுக்கல்லை ஒட்டிய தோட்டனூத்தில் அவர்களுக்காகக் கட்டிய 321 வீடுகள் 2022 செப்டம்பரில் திறக்கப்பட்டன. அதற்கு முந்தைய வருடம்தான் அகதிகள் முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று அரசு மாற்றியது. இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, நம்மைப் போலவே பேசி, இன்னும் குடியுரிமை இல்லாமல் இருக்கிற பிள்ளைகளோடு நம் ஊர்ப் பிள்ளைகள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்திருக்கிறார்கள்.

கேமில் 'லிட்டில் அல்லா மிகோ' என்று ஒரு குகை முகாம் வரும். அங்கே இருக்கிற இளைஞர்கள் தாய்நாட்டைப் பார்த்ததே இல்லை, அல்லது விவரம் தெரியாத வயதில் விட்டு வந்தவர்கள். பார்க்காத ஊருக்காக ரத்தம் கொதிக்கிறது. யார் ஆயுதம் தருகிறேன் என்று சொன்னாலும் பின்னால் போகத் தயாராக நிற்கிறார்கள். அவர்களைக் கட்டிப்போடவும் முடியாமல், கைவிடவும் மனமில்லாமல் தவிக்கிற பெரியவர் ஒருவர், பெயர் குண்டோபால்ட். ஆடும்போது அது ஒரு சின்னக் கிளைதான். ஆனால் எழுதியவர்கள் அதை மறக்கவில்லை.

அதே உல்தாவில் ரௌபான் என்று ஒரு தளபதி. அவரும் அல்லா மிகோக்காரர்தான். போர்க்களத்திலிருந்து வந்து, உல்தாவின் மல்லர் அரங்கில் சண்டை போட்டு ஜெயித்து, அந்தப் பணத்தில் வியாபாரிகள் சபையிலேயே இடம் பிடித்தவர். சுல்தானாவின் வலது கை. மதிலுக்கு உள்ளே செல்வாக்கு, மதிலுக்கு வெளியே சொந்த ஜனம். அந்த மனிதர் ஒவ்வொரு முறை அவையில் பேசும்போதும் அவர் விழுங்குகிற வார்த்தைகளைக் கவனியுங்கள். நடுவில் டோமா என்ற கிழக்கு நாட்டிலிருந்து இன்னொரு அகதிக் கூட்டம் வந்து அடைக்கலம் கேட்கும். வியாபாரிகள் சபை கணக்குப் போட்டுப் பார்த்து முடியாது என்று சொல்லிவிடும். சபையில் சொல்கிற காரணங்கள் எல்லாமே நியாயம் போலவே இருக்கும். செய்தித்தாள் படிக்கிற பழக்கம் உள்ளவர்களுக்கு எல்லாம் எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கும்.

இந்த அகதிகளின் கதை எங்கே போய் முடிகிறது தெரியுமா? நாலு வருடம் கழித்து வந்த ஸ்டார்ம்ப்ளட்டில். அல்லா மிகோவை மீட்கிற போர் அங்கேதான் நடக்கிறது. இதையெல்லாம் சொல்லலாமா என்று கேட்காதீர்கள், அந்த விரிவாக்கத்தின் விளம்பரத்திலேயே அது தெரிந்ததுதான். எப்படி, யார் யாரைக் கொடுத்து என்பதுதான் கதை. முதல் நாள் ராத்திரி நீங்கள் கடந்து போன அந்த மதிலோரத்து ஜனத்தின் ஊருக்குள், நூறு மணி நேரத்துக்கு மேல் ஆடிய பிறகு, ரௌபானோடு சேர்ந்து நுழைகிறீர்கள். இரண்டரை மணி நேரப் படத்தால் இதைச் செய்ய முடியாது. ஒரே மூச்சில் ஆடி முடிக்கிற தனி ஆட்டங்களாலும் முடியாது. வருடக்கணக்காகச் சேர்ந்து வாழ்ந்த பிறகுதான் இது கனக்கிறது.

எனக்கு அதைவிடப் பிடித்தது போர் முடிந்த பிறகு வருகிற பகுதி. ஊர் மீண்டாயிற்று. ஆனால் உல்தாவில் இருக்கிற அகதிகள் திரும்பத் தயங்குகிறார்கள். அங்கே போய் எதை வைத்துப் பிழைப்பது என்பது அவர்கள் கேள்வி. சுல்தானா நானமோ இதற்காக ஒரு பெரிய வியாபாரியிடம் யோசனை கேட்கிறாள். கடைசியில் பேச்சு உப்பளத்தில் வந்து நிற்கிறது. அல்லா மிகோவில் உப்பு ஏரி உண்டு, அந்தத் தொழிலை மறுபடி எழுப்பினால் ஜனம் திரும்பும் என்று. பறவைநாகமும் மந்திரமும் பறக்கிற ஒரு கேம், உப்புத் தொழிலுக்கு முதலீடு பற்றி உட்கார்ந்து பேசுகிறது! இந்த இடத்தில்தான் இதை எழுதியவர்கள் மேல் எனக்கு முழு மரியாதை வந்தது.

நாடிழந்து பிறகு மீட்ட கதை நம் மண்ணுக்குப் புதிதில்லை. 1772இல் காளையார்கோவிலில் கணவரை இழந்த வேலு நாச்சியார், விருப்பாச்சியிலும் திண்டுக்கல்லிலுமாக எட்டு வருடம் அடைக்கலமாக இருந்து, ஹைதர் அலியின் உதவியோடு 1780இல் சிவகங்கையை மீட்டார். இங்கே நம் மலைக்கோட்டை நிழலில் காத்திருந்த அந்த எட்டு வருடத்தை யாராவது இப்படி ஒரு கேமாக எழுத மாட்டார்களா என்று ஏங்குகிறேன். எழுதினால், தயவுசெய்து வாள் சுழற்றுவதை மட்டும் வைத்து முடித்துவிடாதீர்கள். காத்திருந்ததை எழுதுங்கள்.

இப்போது தம்பியின் இரண்டாவது நிபந்தனை, ஒத்தையில் ஆடக் கூடாது. கதையின் நடுவே குகை, கோட்டை என்று சில இடங்களுக்கு நாலு பேராகச் சேர்ந்துதான் போக முடியும். பட்டனை அழுத்தினால் எந்த நாட்டிலிருந்தோ மூன்று பேர் வந்து சேர்வார்கள். புதுசு என்று சொன்னால் பொறுமையாகக் கூட்டிப் போவார்கள். இந்த கேமின் ஜனம் அந்த விஷயத்தில் பேர் பெற்றது. கூச்சமாக இருந்தால், கதையின் பாத்திரங்களையே துணைக்கு அழைத்துப் போகிற வசதியும் 2022இலிருந்து இருக்கிறது. இந்தியாவில் சர்வர் கிடையாது. ஜப்பான், ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா, இவற்றில் ஒன்றைத்தான் பிடிக்க வேண்டும். ஆனால் சண்டையின் அடிப்படைத் தாளமே இரண்டரை நொடிக்கு ஒரு அடி என்பதால், சுடுகிற கேம்களில் நடப்பது போல நெட் கொஞ்சம் பின்தங்கினால் செத்துவிட மாட்டீர்கள். நடுவில் கரண்ட் போனால்? மற்ற மூன்று பேர் கொஞ்ச நேரம் காத்திருப்பார்கள். திரும்பி வந்து மன்னிப்புக் கேட்டால் போதும்.

அந்நியர்கள் இப்படிச் சேர்ந்து ஆடுவதில் என்ன நடக்கும் என்பதற்கு ஜப்பானில் ஒரு நிஜக் கதை உண்டு. மைடி என்ற பெயரில் வலைப்பதிவு எழுதிய ஒருவர், அதிகம் பேசாத தன் அப்பாவுக்கு இந்த கேமை வாங்கிக் கொடுத்தார். தானும் உள்ளே இருப்பதைச் சொல்லவில்லை. ஒரு பெண் பாத்திரமாகப் போய் அப்பாவோடு நட்பாகி, கூடவே சுற்றி, ட்வின்டானியா என்ற பெரிய பறவைநாகத்தைச் சேர்ந்து வீழ்த்திவிட்டு, அதற்குப் பிறகு நான்தான் உங்கள் மகன் என்று சொல்லத் திட்டம். வீட்டில் பேச முடியாததை எல்லாம் அப்பா அந்தப் "பெண்"ணிடம் பேசுகிறார். இது 2017இல் தொடராக வந்தது, 2019இல் படமாகவும் வந்தது. மைடி 2020 டிசம்பரில் இறந்துபோனார். கேமை ஆடாவிட்டாலும் பரவாயில்லை, அந்தத் தொடரையாவது தேடிப் பாருங்கள். நம் வீட்டு அப்பாக்களுக்கும் மகன்களுக்கும் இடையே ஓடுகிற அதே மௌனம்தான்.

அந்நியர்கள் கூடியதற்கு இன்னொரு உதாரணம்: 2021 மே மாதம் 'பெர்செர்க்' மங்காவை வரைந்த கென்டாரோ மியுரா இறந்த செய்தி வந்தபோது, கேமில் பெரிய வாள் ஏந்துகிற கருவீரர்களாக ஆடுகிறவர்கள் உல்தாவின் வீதியில் வரிசை வரிசையாக வந்து நின்றார்கள். யாரும் ஏற்பாடு செய்த கூட்டம் மாதிரி இல்லை, துக்க வீட்டுக்குப் போவது போலப் போய் நின்றார்கள்.

மூன்றாவது நிபந்தனை காசு. இலவசச் சோதனைப் பதிப்பு இருக்கிறது. சோதனை என்றதும் ஒரு வாரத்தில் கதவைச் சாத்துவார்கள் என்று நினைக்காதீர்கள். நாள் கணக்கே கிடையாது. 2023 அக்டோபரிலிருந்து 70ஆம் நிலை வரை, அதாவது ஸ்டார்ம்ப்ளட் முடிவு வரை, மொத்தமும் அதில் அடக்கம். நான் மேலே சொன்ன அல்லா மிகோ கதை முழுவதும் ஒரு ரூபாய் இல்லாமல் பார்த்துவிடலாம். கையில் வைத்துக்கொள்ளக்கூடிய கேம் காசு 3 லட்சத்துக்கு மேல் போகாது, ஆடுகிறவர்கள் நடத்துகிற சந்தையில் வாங்க விற்க முடியாது. கதை பார்க்க வந்தவனுக்குச் சந்தையில் என்ன வேலை? ஒரே ஒரு எச்சரிக்கை: ஒரு தடவை காசு கொடுத்து வாங்கிவிட்டால் அந்தக் கணக்கில் இலவசத்துக்குத் திரும்ப முடியாது, மாதச் சந்தா ஆரம்பித்துவிடும். எனவே அவசரப்பட்டு வாங்காதீர்கள்.

வீட்டில் கேட்டால் சொல்லுங்கள்: இது பணம் கட்டி ஜெயிக்கிற ஆட்டம் இல்லை. தமிழக அரசின் 2022ஆம் வருடச் சட்டமும் 2025இல் நாடாளுமன்றம் போட்ட சட்டமும் குறிவைத்தது பணம் வைத்து ஆடுகிற வகையை. ஆனால் நேரம் போகும். அதை மறைத்துச் சொல்ல மாட்டேன். செமஸ்டர் நெருங்குகிறது என்றால் இப்போது ஆரம்பிக்காதே தம்பி.

குறை என்றால் பெரிய குறை மொழிதான். தமிழ் கிடையாது. ஆங்கிலம் இருக்கிறது, அதுவும் ஆரம்பப் பகுதிகளில் பழைய ராஜா காலத்து ஆங்கிலம். குரல் பதிவு குறைவு, வாசிப்பு அதிகம். நாவல் படிக்கிற பழக்கம் இல்லாதவர்கள் திணறுவார்கள். தமிழிலேயே மூழ்க வேண்டும் என்றால், ஆன்லைன் இல்லை, ஆர்பிஜியும் இல்லை, ஆனால் 'வெண்பா' இருக்கிறது. டொரண்டோவின் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்டது. 1980களில் கனடா போன தமிழ்க் குடும்பம், இட்லியும் பிரியாணியும் சமைத்துக்கொண்டே நகர்கிற கதை. அடுத்த வருடம் பாஃப்டாவில் அறிமுக கேமுக்கான விருது வாங்கியது. ஒரு மாலைப் பொழுதில் முடிந்துவிடும். பிரியாணிக்காக ஊர் பேர் வாங்கிய நாம் அதை ஆடாமல் இருப்பது நியாயமில்லை.

இதே வகையில் வேறு வேண்டுமென்றால், 'ஸ்டார் வார்ஸ்: தி ஓல்ட் ரிபப்ளிக்' எட்டு வகை வீரர்களுக்கும் எட்டு தனிக் கதை வைத்திருக்கிறது, எல்லாம் குரலோடு. 'கில்ட் வார்ஸ் 2' நிலத்தைச் சுற்றிப் பார்க்க அருமை, கதை சுமார். 'எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன்' தனியாகச் சுற்ற விரும்புகிறவர்களுக்கு. மூன்றும் நல்லவைதான், ஆனால் அடுத்த நாள் வேலையில் உட்கார்ந்திருக்கும்போது மனதில் ஓடியது மட்டும் உல்தாதான்.

எண்ட்வாக்கர் வரை காசு கொடுத்துப் போகிறவர்களுக்கு இன்னொரு ஆசை காட்டுகிறேன். தாவ்னேர் என்று ஒரு தீவு. யானைமுக மக்கள், மசாலா வாசம், கண்ணைப் பறிக்கிற நிறத்தில் கட்டடங்கள், மாதங்கர், விருத்திரன் என்று நம் காதுக்குப் பழகிய பெயர்கள். ஜப்பான்காரர்கள் நம் பக்கத்து உலகத்தை இவ்வளவு ஆசையாக வரைந்திருப்பதைப் பார்க்கவே போகலாம். இசையையும் சொல்ல வேண்டும்: இசையமைப்பாளர் மசயோஷி சோகென் ஒரு கட்டத்தில் புற்றுநோய்ச் சிகிச்சையில் ஆஸ்பத்திரியில் இருந்துகொண்டே இந்த கேமுக்கு வேலை பார்த்தவர். அதை 2021 மே மாதம்தான் வெளியே சொன்னார். ஆகவே சத்தத்தைக் குறைத்துவிட்டு ஆடாதீர்கள்.

மொபைலில் முயற்சி செய்ய வேண்டாம். ஓரளவு கிராபிக்ஸ் கார்டு உள்ள கம்ப்யூட்டர், அல்லது பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் வேண்டும். உல்தாவில் இறங்குங்கள். நடுவில் வருகிற கதைக் காட்சிகளைத் தாண்டாதீர்கள். நூறு ஜிபிக்கு மேல் இடம் காலியாக வேண்டும், டவுன்லோடும் பெரியது. ராத்திரி போட்டுவிட்டுப் படுங்கள்.